சீசனுக்கு முந்தைய கோடை: கலர், கொட்டகை, ராட்டினம், அருவி

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வரும். "ப்ரோ, உங்க ஊரு தென்காசிதானே? பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, குற்றாலம் போகலாம்னு இருக்கோம், தண்ணி எப்படி விழுது?"

என் பதிலும் எப்பவும் ஒன்றுதான். தண்ணி விழலை. ஏப்ரலில் வந்தால் மெயின் அருவியில் பாறையைப் பார்க்கலாம். நடுவில் ஒரு நூல் மாதிரி தண்ணீர் வடியும். கோடை மழை பெய்தால் ரெண்டு நாள் கொஞ்சம் கூடும், பிறகு பழைய கதைதான்.

"கோடை விடுமுறைக்குக் குற்றாலம்" என்பது வெளியூர்க்காரர்கள் மனதில் இருக்கிற படம். எங்க ஊரில் கோடை வேறு, சீசன் வேறு. கோடை என்றால் ஏப்ரல், மே. சீசன் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எங்க ஊரில் 'சீசன்' என்ற சொல்லுக்கு முன்னால் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. மாம்பழ சீசனா, கல்யாண சீசனா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பள்ளிக்கூடம் திறக்கிறதும் அருவியில் தண்ணீர் வருகிறதும் ஒரே மாசம். இரண்டு மாசம் வெயிலில் காய்ந்து கிடப்போம். ஜூன் முதல் வாரம் புதுப் புத்தகம், புது யூனிஃபார்மோடு கிளம்பினால், மேற்கே மலை கறுத்து நிற்கும். வகுப்பு ஜன்னல் வழியா சாரல் அடிக்கும். உள்ளே கணக்கு வாத்தியார் இருப்பார்.

அப்போ அந்த ஏப்ரலையும் மேயையும் தென்காசிப் பிள்ளைகள் எப்படித்தான் ஓட்டினார்கள்? இந்த எபிசோடு அதைப் பற்றித்தான். கலர், சினிமா, பொருட்காட்சி, தீம் பார்க் என்று கோடைப் பொழுதுபோக்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எல்லாமே ஒரே சரக்கைத்தான் விற்றன: காத்திருக்காமல் கிடைக்கிற குளிர்ச்சி. அந்த விற்பனை கடைசியில் அருவியையே தொட்டுவிட்டது.

மலையில் ஒரு ஜன்னல்

முதலில் அருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் மோதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டும். இந்தப் பக்கம் நாம் மழை மறைவுப் பகுதி. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு பக்கம், மலைத்தொடரில் ஒரு இடைவெளி. பூட்டின வீட்டில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிற மாதிரி. அது வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். மேலே காட்டில் மழை, கீழே ஊரில் வெயிலும் தூறலும் கலந்த சாரல். தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்துக்கு அடியில் போய் நின்று பாருங்க. மேற்கே இருந்து வருகிற காற்று ஆளைத் தள்ளும்.

குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 அடி உயரம்தான். ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் அது தரை. ஆனாலும் பிரிட்டிஷ் காலத்து அதிகாரிகள் இதை உடம்பு தேற்றிக்கொள்ளும் இடமாக வைத்திருந்தார்கள். திருநெல்வேலியிலும் திருவிதாங்கூரிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இங்கே தங்குவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மலையடியில் கிராம்பும் ஜாதிக்காயும் வளர்த்துப் பார்த்தது. இன்றைக்கும் சீசனில் ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறார்களே, அதற்குப் பின்னாலும் இந்த ஈரக்காற்றுதான் இருக்கிறது.

அவர்களுக்கு முன்னாடியே இந்த இடத்துக்கு ரசிகர்கள் உண்டு. மேலகரம் திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பேர். 20ஆம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வருவார்கள். அருவியில் குளியல், பிறகு சாப்பாடு, பிறகு கம்பன்.

கவனித்தீர்களா? நாயக்க மன்னர், கம்பெனி அதிகாரி, எழுத்தாளர். இவர்களுக்கெல்லாம் ஜூலையில் ஓய்வு எடுக்க முடிந்தது. கூலி வேலைக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்த வசதி இல்லை. அதை மாற்றினது ரயில். திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்த மீட்டர் கேஜ் பாதையில் செங்கோட்டை, புனலூர் மலைப்பகுதி 1904இல் திறந்தது. தென்காசியில் இறங்கினால் குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர் சுமார். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பலாம் என்ற நிலை வந்த பிறகுதான் அருவி எல்லோருடையதும் ஆனது.

அந்த ரயிலே எங்களுக்கு ஒரு தீம் பார்க்தான். மலைக்குள் குகை வந்ததும் பெட்டி முழுக்க பிள்ளைகள் கத்துவார்கள், குகையும் திருப்பிக் கத்தும். கழுதுருட்டி பக்கம் பதிமூணு கண் பாலத்தில் ஜன்னல் ஓரத்துக்கு அடிதடியே நடக்கும். 2010இல் அகலப்பாதை வேலைக்காக அதை நிறுத்தினார்கள். 2018இல்தான் திரும்ப ஓடியது. வேகம் கூடிவிட்டது, கத்துகிற பிள்ளைகள் மட்டும் மாறவில்லை.

"நாலு கலர் வாங்கிட்டு வா"

சரி, இப்போ ஏப்ரல், மேக்கு வருவோம்.

வீட்டுக்கு விருந்தாள் வந்தால் எங்க ஆச்சி முதலில் கேட்கிறது, "எய்யா, கலர் குடிக்கியா?" கலர் என்றால் கூல்டிரிங்ஸ். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, பன்னீர். நிறம்தான் பேர், நிறம்தான் சுவை. உடனே எங்களில் ஒருத்தனுக்கு உத்தரவு வரும்: "லேய், ஓடிப் போய் நாலு கலர் வாங்கிட்டு வா, அப்படியே காலி பாட்டிலைக் கொடுத்துட்டு வா." விருந்தாள் பாதி வைத்துவிட்டுப் போவாரா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

பதநீரும் நுங்கும் எங்க பக்கம் தாராளம். பனையேறி இறக்கின பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால் அதுக்கு ஈடு கிடையாது. ஆனால் அதை விருந்தாளுக்கு மத்தியானம் கொடுக்க முடியாது. காலை வெயில் ஏறினால் புளித்துவிடும். கலர் எப்பவும் கிடைக்கும், கடையில் நிற்கும். கலரின் முதல் வெற்றி இதுதான், சுவை அப்புறம்தான்.

குளிர்ச்சியைக் கடையில் விற்பது நம்ம ஊருக்குப் புதுசு. சென்னை மெரினா எதிரே இருக்கிற விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1842இல் ஐஸ் வைக்கக் கட்டின கிடங்கு. ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்கர் பாஸ்டன் பக்கம் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார். வாங்கினது வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும். உறைகிற ஏரியே இல்லாத ஊருக்கு, பாதி உலகம் தாண்டி வந்த குளிர்ச்சி.

பிறகு சோடா. 1870களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கழுத்துக்குள் கோலி வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருக்கிற வாயு கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும், தனி மூடி வேண்டாம். இங்கிலாந்தில் அது மறைந்துபோனது. நம்ம ஊரில் அது கோலி சோடாவாக நிலைத்துவிட்டது. சிறிய முதலில், ஒரு சிலிண்டரும் கையால் சுற்றுகிற இயந்திரமும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் சோடாக் கம்பெனி வைக்கலாம். அதனால்தான் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு கலர் இருந்தது.

அப்படி 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கினதுதான் காளிமார்க். பின்னாடி வந்த அவர்களுடைய பொவண்டோ, திராட்சை வாசத்தோடு, தென்மாவட்டக் கல்யாண வீடுகளின் அதிகாரபூர்வ பானம் மாதிரி ஆகிவிட்டது.

1977 ஒரு திருப்பம். வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்ன அந்நியச் செலாவணிச் சட்டத்தை ஏற்காமல் கோக்கோகோலா இந்தியாவை விட்டுப் போனது. அந்த இடத்தில் பார்லேயின் தம்ஸ் அப், அரசு நிறுவனம் தயாரித்த டபுள் செவன், காம்பா கோலா எல்லாம் வந்தன. கோல்ட் ஸ்பாட், லிம்கா எல்லாம் நம் அப்பா அம்மாவின் இளமைக்கால வாசனை. 1990இல் பெப்சி வந்தது. 1993இல் கோக் திரும்பி வந்தது, வந்த கையோடு பார்லேயின் பிராண்டுகளை வாங்கியது. சில வருஷத்தில் கோல்ட் ஸ்பாட் காணாமலே போனது.

இந்த உலகப் போரை எங்க தெரு எப்படி எதிர்கொண்டது தெரியுமா? நீளமான பிளாஸ்டிக் குழாய்க்குள் கலர்த் தண்ணீரை உறைய வைத்து, எட்டணாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் விற்றார்கள். அதற்கு நாங்கள் வைத்த பேர் 'பெப்சி'. அமெரிக்கக் கம்பெனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "ஆரஞ்சு பெப்சி ஒண்ணு, மேங்கோ பெப்சி ஒண்ணு"ன்னு கேட்டு வாங்கி, நுனியைப் பல்லால் கடித்து, நாக்கு ஆரஞ்சு ஆகிற வரைக்கும் உறிஞ்சுவோம். நிஜ பெப்சி என்று ஒன்று பாட்டிலில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது அப்புறம்தான்.

கொட்டகைக் காற்று

அடுத்தது சினிமா. 1905இல் திருச்சியில், ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து புரொஜெக்டரையும் துண்டுப் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸ் கதை அங்கே தொடங்குகிறது.

எங்க அப்பா தலைமுறைக்குக் கோடை என்றால் டென்ட் கொட்டகை. பகலில் வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் இருட்டின பிறகுதான் ஆட்டம். மொத்தம் ரெண்டு காட்சி. ரிக்கார்டில் சாமிப் பாட்டு போட்டால், வயலில் இருப்பவர்கள் கூட "டிக்கெட் கொடுக்கப் போறான்"ன்னு நடையைக் கட்டுவார்கள். தரை டிக்கெட் மணலில். முன்னாடி இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவது தனிக் கலை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒவ்வொரு தடவையும் இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு, கடலைமிட்டாய், சோடா. பக்கத்தில் திறந்திருக்கிற தட்டி வழியாக ராத்திரிக் காற்று. அப்பா சொல்வார், "படத்துக்குப் பாதி, காத்துக்குப் பாதிக் காசு."

பிறகு நிரந்தரத் தியேட்டர்கள். அதிலும் ஏ.சி. போட்டவர்கள் போஸ்டரில் கதாநாயகன் பேரை விட 'குளிர்சாதன வசதி செய்யப்பட்டது' என்பதைப் பெரிதாகப் போட்டார்கள். எழுத்திலிருந்து பனி உருகி வடிகிற மாதிரி வரைந்திருப்பார்கள். மே மாசம் மத்தியானக் காட்சிக்குப் போனவர்களில் பாதிப் பேருக்குப் படத்தின் பேர் ஞாபகம் இருக்காது.

என் காலம் டெக் காலம். டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவே ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, விடிய விடிய மூணு படம். மூணாவது படம் யாரும் முழித்துப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் குளிர்ச்சியைத் தேடி சினிமாவுக்குப் போனபோது, சினிமா எங்க ஊருக்கு வந்துகொண்டிருந்தது. மணிரத்னத்தின் 'ரோஜா' 1992இல் வந்தது. அந்தக் கதாநாயகியின் ஊராகச் சொல்லப்படுவது தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற சுந்தரபாண்டியபுரம். ஷங்கரின் 'அந்நியன்' 2005இல் வந்தது. அதில் ஒரு பாட்டுக்காக அந்த ஊர்ப் பக்கம் பாறைகளிலும் வீடுகளிலும் லாரிகளிலும் வண்ணம் பூசினார்கள். நடிகர்கள் முகம் வரைந்த அந்தப் பாறையையும், பக்கத்தில் பூக்கிற சூரியகாந்தி வயலையும் பார்க்கத்தான் இப்போ கார்கள் நிற்கின்றன. எங்களுக்கு அது சும்மா பாறை. மாடு மேய்கிற இடம். பெரிய திரையில் பார்த்த பிறகுதான் எங்களுக்கே அது அழகாகத் தெரிந்தது.

சுவிட்ச் போட்டால் அருவி

ராட்டினத்துக்குத் திருநெல்வேலிப் பொருட்காட்சிக்குப் போகணும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி நடக்கும். மரணக்கிணறு, ராட்சத ராட்டினம், முகத்தை விடப் பெரிய டெல்லி அப்பளம். பொருட்காட்சி ஒரு மாசம் இருக்கும், பிறகு கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும். மறு வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்.

தீம் பார்க் என்ற எண்ணம் அந்தக் காத்திருப்பை ஒழிக்கப் பிறந்தது. 1955இல் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலேண்ட், வருஷம் முழுக்க இடம் மாறாத திருவிழா. அதிலும் அது சினிமாக்காரர் கட்டினது என்பதைக் கவனியுங்க. இந்தியாவில் 1984இல் டெல்லியில் அப்பு கர் வந்தது. தாம்பரம் பக்கம் வந்த கிஷ்கிந்தாவைக் கட்டினவரும் சினிமாக்காரர்தான்: நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' அவர் தயாரிப்பு. கண்ணுக்குள் பாய்கிற ஐஸ்கிரீமைக் காட்டினவர்கள், பிறகு நிஜமாகவே ஆளை நனைத்துவிட்டார்கள். 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் வந்தது. எங்க பள்ளிக்கூடச் சுற்றுலா அந்த வருஷத்திலிருந்து திசையை மாற்றி மலையைத் தாண்டிப் போக ஆரம்பித்தது.

நானும் போனேன். நல்லாவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். செயற்கை அலை, சறுக்கு, மழை நடனம். பிறகு வேறொரு பார்க்கில் சிமெண்டால் கட்டின பாறையிலிருந்து தண்ணீர் விழுந்தது, மேலே போர்டு: 'குற்றாலம்'. சாயங்காலம் மணி அடித்ததும் ஒருத்தர் போய் சுவிட்சை அணைத்தார். தண்ணீர் சட்டென்று நின்றது. குற்றாலத்துக்காரன் ஒருத்தன் வாழ்க்கையில் பார்க்கக் கூடாத காட்சி அது.

அந்த இடத்தில் ரெண்டு விஷயம் மனதில் பதிந்தது. ஒன்று, அது மே மாசம். லீவுக்கு அருவி கிடைத்துவிட்டது. நாங்கள் இத்தனை தலைமுறையாகச் செய்ய முடியாததை ஒரு பம்ப் செய்துவிட்டது. ரெண்டு, அதுக்கு டிக்கெட் இருந்தது. குற்றாலத்தில் வண்டி நிறுத்தக் காசு வாங்குவார்கள். அருவிக்கடியில் நிற்கக் காசு கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மெயின் அருவிக்குப் போனாலும் ஆள் நிற்கும். பக்கத்தில் நிற்பவர் நீதிபதியா, லாரி டிரைவரா, எண்ணெய் தேய்த்துவிடுபவரா என்று தெரியாது. பெண்களுக்குத் தனிப் பக்கம், ஆண்களுக்குத் தனிப் பக்கம். மற்றபடி எல்லாத் தலைக்கும் ஒரே அடி. குளித்து முடித்து நடுங்கிக்கொண்டே பிரானூர் பார்டர் போய் புரோட்டா சாப்பிடுவது வரைக்கும்தான் கணக்கு. அந்த 'பார்டர்' பேருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, எல்லை அங்கேதான். எல்லை நகர்ந்துபோய்விட்டது, பேர் கடைகளில் ஒட்டிக்கொண்டது.

பம்ப் மலை ஏறின கதை

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு.

சீசனில் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லா இடத்திலும் கூட்டம். கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் தனி அருவி வேண்டும். அதனால் மேலே, குண்டாறு, மேக்கரை பக்கம், தனியார் தோட்டங்களிலும் விடுதிகளிலும் அருவிகள் முளைத்தன. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலது இயற்கையானது. சிலது, ஓடையை மறித்து, குழாய் போட்டு, பாறையில் திருப்பிவிட்டது. தீம் பார்க்கில் நான் பார்த்தது சிமெண்டில் அருவியின் நகல். இங்கே நகலுக்குப் போன தண்ணீர் நிஜ அருவிக்கும் வயலுக்கும் போக வேண்டிய தண்ணீர்.

2022இல் இது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்காக வந்தது. நீரோட்டத்தைத் திருப்பி செயற்கை அருவி உண்டாக்கின தனியார் விடுதிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது நீதிமன்றம். அதிகாரிகள் மலைக்குப் போனார்கள், ஆய்வு நடந்தது, அகற்றும் வேலையும் நடந்தது.

இது விடுதிக்காரருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் இடையிலான விவகாரம் என்று நினைக்காதீர்கள். குற்றாலத்தில் விழுகிற தண்ணீருக்குப் பேர் சிற்றாறு. நாம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் அது அங்கே முடிந்துபோவதில்லை. தென்காசி வழியாக ஓடி, அணைக்கட்டு அணைக்கட்டாகக் குளங்களை நிரப்பி, நெல்லுக்குப் பாய்ந்து, கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டதன் காரணமும் அதுதான். நமக்குக் குளியல், கீழே இருப்பவருக்குக் குடிநீர்.

அந்தத் தாமிரபரணிதான் இந்தக் கதையைத் திரும்பவும் கலருக்குக் கொண்டுபோகிறது. திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குப் போகிறது என்ற செய்தி ஊரெல்லாம் பேசப்பட்டது. 2016 நவம்பரில் மதுரைக் கிளை அந்த ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதன் சூட்டோடு தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்தன. மறுநாளே, மார்ச் 2, நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. தண்ணீர் போனது. ஆனால் அந்தக் கோடையில் கடைக் கடையாகப் பொவண்டோ திரும்பி வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்க ஆச்சி வீட்டுக் கலருக்கும் தண்ணீர் எங்கேயோ இருந்துதான் வந்தது, அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. உள்ளூர்க் கம்பெனி என்றால் ஆறு வற்றாது என்று சொல்ல வரவில்லை. யாருடைய தண்ணீர், யாருக்கு முதலில், என்ன விலைக்கு என்று ஊர் உட்கார்ந்து பேசினது அந்த வருஷம்தான். அதற்கு முன்னாடி ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஆறு என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

மேயில் வந்த வெள்ளம்

இன்னொன்றும் சொல்லியாகணும்.

2024 மே 17. பள்ளி விடுமுறை. கோடை மழை நல்லாப் பெய்து, பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது. மே மாசம் அருவியில் தண்ணீர் என்றால் யாருக்குத்தான் போகத் தோன்றாது? குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மலைக்கு மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. படிகளில் ஓடுகிற கூட்டத்தின் வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

ஊர்க்காரர்களிடம் அருவியைப் படிக்கிற ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் நிறம் கலங்கினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், சத்தம் மாறினால், உடனே வெளியே வரணும். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறது. எங்களுக்கு அது 'ஆர்ச்'. "இன்னைக்கு ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்றால் குளிக்கத் தடை என்று அர்த்தம், போலீஸ் சொல்லும் முன்னாடியே டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அருவிக்கு மேலே என்ன நடக்கிறது என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த அறிகுறிகளை வாய் வழியாகக் கடத்தினார்கள்.

சுவிட்சில் நிற்கிற அருவிக்குப் பழகின நமக்கு அந்தப் படிப்பு தேவைப்படவில்லை. தீம் பார்க்கில் பயம் கூட டிக்கெட்டில் அடக்கம். எவ்வளவு உயரம், எத்தனை விநாடி என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். மலைக்கு அப்படிக் கணக்குப் போட ஆள் இல்லை. இதை இறந்த பிள்ளையின் தவறாகச் சொல்லவில்லை. மழை எச்சரிக்கை, சைரன், காவலர், வழிமறிப்பு எல்லாம் நேரத்துக்கு வேலை செய்ய வேண்டியது அரசு அமைப்புகளின் பொறுப்பு. ஊரில் அதற்குப் பிறகு நடந்த பேச்சும் அதைப் பற்றித்தான். ஆனால் இலவசமாக, எல்லோருக்கும் திறந்து கிடக்கிற ஒரு சந்தோஷத்தைக் காப்பாற்ற ரெண்டும் வேண்டும். அரசின் கண்ணும் வேண்டும், ஊரின் காதும் வேண்டும். ரெண்டில் எது குறைந்தாலும் அடுத்து வருவது கம்பி வேலி. அல்லது டிக்கெட்.

கலரையும் கொட்டகையையும் தீம் பார்க்கையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் என் ஏப்ரல், மே வெறும் வெயிலாகத்தான் இருந்திருக்கும். சென்னையில் ஒரு குடும்பம் மே மாசம் செயற்கை மழையில் நனைந்துவிட்டு வந்தால், அது அவர்களுக்குக் கிடைத்த சாரல். ஆனால் அந்தச் சாரலை உண்டாக்கும் பம்பை மலை ஓடையில் கொண்டுபோய் வைத்தால், மே மாசத்து அவசரத்துக்கு ஜூலையின் தண்ணீரைக் கொடுக்கிறோம். அதை வாங்குகிறவர் விடுதி அறையில் இருப்பார். விலை கொடுப்பவர் கீழே வயலில் இருப்பார், இலவச அருவிக்கு பஸ்ஸில் வந்த குடும்பத்தில் இருப்பார்.

அதனால் உங்க மெசேஜுக்கு இப்பவே பதில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் வராதீங்க. வந்தாலும் சித்திரை விசுத் திருவிழா பாருங்க, பதநீர் குடிங்க, காசி விசுவநாதர் கோபுரத்தடியில் நில்லுங்க. குளிக்கணும் என்றால் ஜூன் கடைசி, ஜூலை. சனி, ஞாயிறு வேண்டாம், ஒரு நாள் லீவு போடுங்க. கிளம்பும் முன்னாடி அன்றைய மழை எச்சரிக்கையைப் பாருங்க. சோப்பை வீட்டில் வையுங்க. "தனி அருவி இருக்கு, கூட்டமே கிடையாது, ஜீப்புல கூட்டிட்டுப் போறேன்"ன்னு யாராவது சொன்னால், அந்தத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

ஆர்ச்சைத் தாண்டி விழுகிற அன்றைக்கு வந்து சேர்ந்தீர்கள் என்றால், குளிக்க விட மாட்டார்கள். பரவாயில்லை. எதிரே ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்று பாருங்க. சாரல் டீக்குள்ளேயே விழும். மறுநாள் தண்ணீர் குறையும், விடுவார்கள்.

இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டில் அறுபது வயசுக்கு மேல் இருக்கிற யாரிடமாவது, அவங்க ஊரில் கிடைத்த கலரின் பேரைக் கேளுங்க. அது எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் செய்தது என்றும் கேளுங்க. நிறைய பேருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். பதிலை அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.